ஐஸ் ஹாக்கி: நம் அணியிடம் நாம் கேட்க வேண்டியது உழைப்பா, விறுவிறுப்பா?

கேள்வி: எழுதியவர் "நடுவட்டம்"

ஒன்பது பருவங்களாக என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கில் ஒரே அணியைப் பின்தொடர்ந்து வருகிறேன். பெயரைச் சொன்னால் விவாதம் அந்த அணியைச் சுற்றியே நின்றுவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். ஒரே வாரத்தில் அரங்கத்துக்கே சென்று பார்த்த இரண்டு ஆட்டங்கள் என் மனத்தைக் குழப்பிவிட்டன.

முதல் ஆட்டத்தில் 5-1 என்ற கணக்கில் தோற்றோம். தோற்றது எனக்கு வருத்தமில்லை. இரண்டாம் பகுதியில் மூன்றாவது கோல் விழுந்த பிறகு, பக்கை (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டை) பறிகொடுத்த முன்கள வீரர்கள் திரும்பி ஓடாமல் மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி மெதுவாகச் சறுக்கி வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுற்றியிருந்தவர்கள் கூச்சலிட்டார்கள், நானும் சேர்ந்து கூச்சலிட்டேன். இரண்டாவது ஆட்டத்தில் 2-1 என்று வென்றோம். ஆனால் கடைசி இருபது நிமிடங்களில் எங்கள் அணி கோலை நோக்கி அடித்த அடிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பக் கிடைத்தபோதெல்லாம் அதைப் பலகைச் சுவரில் அடித்து வெளியே தள்ளிவிட்டு, மூன்று முன்கள வீரர்கள் சேர்ந்து இறங்கும் வரிசையை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வெற்றி கிடைத்தும் எந்த மகிழ்ச்சியும் இல்லாமல்தான் வெளியே வந்தேன். அதே நேரத்தில், போன பருவத்தில் கூடுதல் நேரத்தில் 4-3 என்று தோற்ற ஓர் ஆட்டம் இன்றும் எனக்கு இனிய நினைவாகவே இருக்கிறது.

ஆகவே வெற்றி தோல்வி மட்டும் என் அளவுகோல் இல்லை என்பது எனக்கே தெளிவாகிறது. உடன் வரும் நண்பர் ஒருவர், "முழு மூச்சாக ஆடினால் போதும், வேறு எதையும் கேட்க நமக்கு உரிமையில்லை" என்கிறார். இன்னொருவரோ, "நுழைவுச் சீட்டு வாங்கியிருக்கிறோம், இது ஒரு காட்சி, நம்மை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவர வேண்டியது அவர்கள் கடமை" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது. ஓர் இரசிகர் தன் அணியிடம் நியாயமாக எதிர்பார்க்கக் கூடியது என்ன? உழைப்பு இல்லை என்று இருக்கையிலிருந்து பார்த்தே நாம் தீர்ப்புச் சொல்லிவிட முடியுமா?

மறுமொழி: எழுதியவர் "மேல் அடுக்கு"

நான் உங்கள் முதல் நண்பரின் பக்கம். அணியின் திறமையை நிர்வாகம் முடிவு செய்கிறது, அதிர்ஷ்டம் யார் கையிலும் இல்லை, எதிரணியின் கோல்காப்பாளர் ஓர் இரவில் நாற்பது அடிகளைத் தடுத்துவிடலாம். இவை எல்லாம் போக வீரரின் கையில் மிஞ்சுவது உழைப்பு ஒன்றுதான். அதனால்தான் அது குறையும்போது இரசிகருக்கு அவ்வளவு கோபம் வருகிறது.

2013 ஜூன் மாதம் கிழக்கு மாநாட்டு (லீக்கின் கிழக்குப் பிரிவு) இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் கிரெகரி கேம்ப்பெல் செய்ததை நினைத்துப் பாருங்கள். அவர் நட்சத்திர வீரர் அல்லர். நான்காம் வரிசையில் ஆடியவர். அணி ஓர் ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்தபோது பிட்ஸ்பர்க் அணியின் எவ்கேனி மால்கின் அடித்த வேக அடியைத் தன் காலால் மறித்தார். கால் எலும்பு முறிந்தது. பக் இன்னும் தங்கள் எல்லைக்குள் சுற்றிக்கொண்டிருந்ததால், வெளியே போக வழியின்றி, ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றபடி, ஏறக்குறைய ஒரு நிமிடம், பக் செல்லும் வழிகளை மட்டையால் மறைத்துக்கொண்டே இருந்தார். அரங்கம் முழுவதும் அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. அந்த ஆட்டத்தைப் பாஸ்டன் இரண்டாம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. அன்று கோல் அடித்தவர்களை மறந்தவர்கள்கூட ஒற்றைக் காலில் நின்றவரை மறக்கவில்லை.

எலும்பை முறித்துக்கொண்டு ஆட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது கொடுமை என்றே நினைக்கிறேன். காயத்தோடு ஆடுவதைப் புகழும் இந்த விளையாட்டின் பழக்கம் எத்தனையோ பேரின் பிற்கால உடல்நலத்தைக் கெடுத்திருக்கிறது. நான் சொல்வது, அந்த ஒரு நிமிடத்தில் இரசிகர்கள் எதைக் கண்டு எழுந்து நின்றார்கள் என்பதை மட்டும்தான்.

மறுபக்கமும் உண்டு. 2014 நவம்பரில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி தன் சொந்த அரங்கில் நாஷ்வில் அணியிடம் 9-2 என்று தோற்றது. அந்த நாட்களில் இரசிகர்கள் அணியின் சட்டைகளைக் கழற்றிப் பனித்தளத்தில் வீசினார்கள். இரண்டு நாள் கழித்துத் தம்பா பே அணியை 5-2 என்று வென்றபோது, வழக்கமாக வெற்றிக்குப் பின் நடுவில் நின்று மட்டையை உயர்த்தி இரசிகர்களை வணங்கும் வீரர்கள், அப்படிச் செய்யாமல் நேராக உள்ளே போய்விட்டார்கள். சட்டையை வீசியது தவறு. வணங்காமல் போனதும் தவறு. ஆனால் அந்த வணக்கம் ஒரு சிறு சடங்கு என்று நினைத்திருந்தவர்களுக்கு, அது இல்லாமல் போன இரவில்தான் அதன் கனம் புரிந்தது. ஒப்பந்தப் பத்திரம் ஏதும் இல்லாத ஓர் உறவு இரசிகர்களுக்கும் அணிக்கும் இடையே இருக்கிறது. அந்த உறவின் நாணயம் உழைப்பு என்பதே என் கருத்து.

மறுமொழி: எழுதியவர் "பழைய தற்காப்பாளர்"

"மேல் அடுக்கு" சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வியின் கடைசி வரிக்கு, அதாவது இருக்கையிலிருந்து பார்த்து உழைப்பை அளந்துவிட முடியுமா என்பதற்கு, யாராவது பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் தொழில்முறை அல்லாத மட்டத்தில் ஆடினேன். இப்போது சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: நாம் உழைப்பு என்று கைதட்டுவதில் பாதி உழைப்பே அல்ல, சோம்பல் என்று திட்டுவதில் பாதி சோம்பலும் அல்ல.

முதலில் ஷிஃப்ட் (ஒரு வீரர் ஒரே தடவையில் தளத்தில் ஆடும் நேரம்) பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வீரர் பனித்தளத்தில் இறங்கி முழு வேகத்தில் ஆடக் கூடிய நேரம் சுமார் 45 வினாடிகள். அதற்கு மேல் கால்கள் கனத்துவிடும், மூச்சு வாங்கும், முடிவெடுக்கும் வேகமும் குறைந்துவிடும். ஒன்றரை நிமிடம் உள்ளேயே நிற்பவர் அதிகம் உழைப்பவர் போலத் தெரிவார். உண்மையில் அவர் தன் கூட்டாளிக்கு உரிய நேரத்தை எடுத்துக்கொண்டு, களைத்த கால்களோடு எதிரணிக்கு வாய்ப்புக் கொடுக்கிறார். உழைப்பு நிறைந்த அணியின் வரிசைகள் சுருக்கமாக ஆடி, நேரத்தோடு இருக்கைப் பலகைக்குத் திரும்பும். உங்கள் 2-1 ஆட்டத்தில் "வரிசையை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அணி அன்று ஒழுங்காகத்தான் உழைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது மோதல். எதிரணி வீரரைப் பலகைச் சுவரோடு சேர்த்து இடிக்கும்போது அரங்கமே அதிர்கிறது, நாமும் எழுந்து நிற்கிறோம். ஆனால் பக் யாரிடம் இருக்கிறதோ அவரைத்தான் விதிப்படி இடிக்க முடியும். ஆகையால் ஓர் இரவு முழுவதும் இடித்துக்கொண்டே இருக்கும் அணி, பெரும்பாலும் பக் தன்னிடம் இல்லாமல் துரத்திக்கொண்டிருக்கும் அணியாகவே இருக்கும். அடிகளை உடலால் மறிப்பதும் அப்படித்தான். அது துணிவு, ஐயமே இல்லை. ஆனாலும் ஒரு பகுதி முழுவதும் மறித்துக்கொண்டே இருந்தால், அந்தத் துணிவு தேவைப்படும் இடத்துக்கு அணி ஏன் தள்ளப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

உழைப்பைப் பார்க்க விரும்பினால் பக்கைப் பார்க்காதீர்கள். பக் பறிபோன அடுத்த ஐந்து வினாடிகளில், அதற்கு வெகு தொலைவில் இருக்கும் முன்கள வீரரின் கால்களைப் பாருங்கள். முதல் மூன்று எட்டுகளை வெட்டி வெட்டி வைக்கிறாரா, அல்லது வளைந்து வட்டமடித்துத் திரும்புகிறாரா என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். திரும்பி ஓடுபவர் பக்கைத் துரத்துகிறாரா, அல்லது ஆளில்லாமல் பின்னால் வரும் எதிரணியின் மூன்றாவது வீரரைத் தேடிப் பிடிக்கிறாரா என்றும் பாருங்கள். அந்த மூன்றாவது ஆளைப் பிடித்தவருக்கு யாரும் கைதட்டுவதில்லை. ஏனென்றால் அவர் பிடித்துவிட்டதால் அங்கே எதுவுமே நடக்காது. நடக்காமல் போனதைப் பார்க்கக் கண் பழக வேண்டும்.

ஸ்டீவ் யைசர்மன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டெட்ராயிட் ரெட் விங்ஸ் அணிக்காக 1988-89 பருவத்தில் அவர் 65 கோல்களோடு மொத்தம் 155 புள்ளிகள் (கோல்களும் கோல் உதவிகளும் சேர்ந்த கணக்கு) எடுத்தார். பின்னர் ஸ்காட்டி போமன் பயிற்சியாளராக வந்த பிறகு, தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டு, இரு முனைகளிலும் பொறுப்பேற்கும் சென்டராக (நடு முன்கள வீரராக) ஆனார். புள்ளிகள் குறைந்தன. ஆனால் டெட்ராயிட் 1997, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது. 2000-இல் தற்காப்பில் சிறந்த முன்கள வீரருக்கான செல்கி கோப்பை அவருக்குக் கிடைத்தது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அவர் மங்கிவிட்டார் என்றே தோன்றியிருக்கும். அவர் அப்போதுதான் அதிகமாக உழைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் 5-1 ஆட்டத்தில் நீங்கள் கண்டது, மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி சறுக்கி வந்தது, உண்மையான குறைதான். 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில், முந்தைய இரவு வேறோர் ஊரில் ஆடிவிட்டு விமானத்தில் வந்து இறங்கிய அணியின் கால்கள் ஓயலாம். அதை நான் மன்னிப்பேன். மட்டையின் அலகு பனியில் இருப்பதற்குக் கால்வலி தடையில்லை. சிறுவர்களிடம் நான் முதல் நாளே சொல்வது அதைத்தான்.

மறுமொழி: எழுதியவர் "சிவப்புக் கோடு"

உழைப்பும் விறுவிறுப்பும் ஒன்றுக்கொன்று துணை என்று பலரும் நினைக்கிறார்கள். சில நேரங்களில் அவை நேர் எதிராக நிற்கும். இதற்கு 1995-ஐ விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த ஆண்டு ஜாக் லமேர் பயிற்சி அளித்த நியூ ஜெர்சி டெவில்ஸ், முன்னவர் பேசிய அதே டெட்ராயிட் அணியை இறுதிச் சுற்றில் நான்கு ஆட்டங்களிலும் வென்று கோப்பையை எடுத்தது. அவர்கள் கையாண்டது "ட்ராப்" எனப்படும் நடுப்பகுதிப் பொறி. ஒரே ஒருவர் மட்டும் முன்னால் சென்று, பக் வைத்திருப்பவரை ஒரு பக்கச் சுவரை நோக்கி ஒதுக்குவார். மற்ற நால்வரும் நடுப்பகுதியை அடைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். எதிரணி அங்கே வந்து சிக்கி, பக்கை இழக்கும். அதற்குத் தேவைப்படும் ஒழுக்கமும் பொறுமையும் மிகப் பெரியவை. ஐவரில் ஒருவர் சோம்பினாலும் பொறி அறுந்துவிடும். உழைப்பின் உச்சம் என்றே அதைச் சொல்ல வேண்டும். ஆனால் நியூ ஜெர்சியின் இரசிகர் அல்லாத எவருக்கும் அதைப் பார்ப்பது இன்பமாக இல்லை, வெற்றியைப் பார்த்த மற்ற அணிகளும் அதையே கற்றுக்கொண்டன.

இதற்கு முன் வேறோர் உலகம் இருந்தது. எட்மண்டன் ஆயிலர்ஸ் 1983-84 பருவத்தில் 446 கோல்கள் அடித்தது. ஒரு பருவத்தில் எந்த அணியும் அதைத் தாண்டியதில்லை. அந்த வீரர்கள் டெவில்ஸ் வீரர்களைவிட அதிகம் உழைத்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்களிடம் வெய்ன் கிரெட்ஸ்கி இருந்தார். கோல்காப்பாளர்களின் கவசங்கள் இன்றையதைவிடச் சிறியவையாக இருந்தன. பயிற்சியாளர்களும் ஆபத்தை ஏற்கத் தயங்கவில்லை.

ஆகவே விறுவிறுப்பைக் கேட்க வேண்டிய இடம் வேறு என்பது என் வாதம். 2004-05 பருவம் ஊதியத் தகராறில் முழுவதுமாக இரத்தான பிறகு, லீக் விதிகளை மாற்றியது. தன் எல்லையிலிருந்து நடுச் சிவப்புக் கோட்டுக்கு அப்பால் பக்கை அனுப்பக் கூடாது என்ற பழைய தடை நீங்கியது. மட்டையால் கொக்கி போட்டு இழுப்பதையும் கையால் பிடித்து நிறுத்துவதையும் நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டித்தார்கள். கோல்காப்பாளரின் கவசம் சிறிதாக்கப்பட்டது. இதன் விளைவாக, ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து அடிக்கும் கோல்கள் சராசரியாக ஐந்தை ஒட்டியிருந்த நிலையிலிருந்து ஆறை ஒட்டி உயர்ந்தன. ஒரே கோடைக்காலத்தில் வீரர்களின் நெஞ்சில் ஊக்கம் ஊறிவிடவில்லை; விதிதான் மாறியது. 2015-16 முதல் வழக்கமான பருவத்தின் கூடுதல் நேரத்தை மூவருக்கு மூவர் என்று மாற்றினார்கள். அந்த ஐந்து நிமிடங்களில் இருக்கையில் சாய்ந்து உட்காருபவர் எவரும் இல்லை.

அதேபோல் உங்கள் சோர்வான மூன்றாம் பகுதிக்கும் பல நேரங்களில் விதியே காரணம். கூடுதல் நேரத்தில் தோற்றாலும் அணிகளின் தரவரிசைப் பட்டியலில் ஒரு புள்ளி உண்டு என்பதால், ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது கடைசிப் பத்து நிமிடங்களில் இரண்டு பயிற்சியாளர்களும் அந்த ஒரு புள்ளியைப் பத்திரப்படுத்தவே பார்க்கிறார்கள். அப்போது கூச்சலிட்டு வீரரைக் குத்துவதில் பொருளில்லை. அவர் சொன்னதைச் செய்கிறார்.

மறுமொழி: எழுதியவர் "இரவு ஆட்டம்"

இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த பருவம் ஒன்றை யாரும் சொல்லவில்லையே. 2018-19-இல் கரோலினா ஹரிக்கேன்ஸ் அணி ஒன்பது பருவங்களாகப் பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) வாசலையே மிதிக்காத அணி. ராட் பிரிண்டமோர் தலைமைப் பயிற்சியாளராக வந்த முதல் பருவம் அது. எதிரணியை அதன் எல்லைக்குள்ளேயே போய் நெருக்கும் ஆட்டத்தை ஓயாமல் ஆடினார்கள். சொந்த அரங்கில் வென்ற இரவுகளில் எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு இரசிகர்களோடு சேர்ந்து ஒரு சிறு கொண்டாட்டக் காட்சியை நடத்தினார்கள். மூத்த தொலைக்காட்சி விமர்சகர் டான் செரி அவர்களை மரியாதை தெரியாத கூட்டம் என்ற பொருளில் கடிந்துகொண்டபோது, அணி அந்த வசவையே சட்டையில் அச்சிட்டு விற்றது. அந்த ஆண்டு நடப்புச் சாம்பியனான வாஷிங்டனை ஏழாவது ஆட்டத்தின் இரண்டாம் கூடுதல் நேரத்தில் வீழ்த்தி மாநாட்டு இறுதிச் சுற்று வரை போனார்கள். கொண்டாட்டம் மட்டும் இருந்து உழைப்பு இல்லாமல் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் அது கசந்திருக்கும்.

மாறாக, இரண்டையுமே இரசிகர்கள் வேண்டாம் என்று சொன்ன இரவும் ஒன்று உண்டு. 2015 மார்ச்சில் பஃபலோ அரங்கில், அந்த அணியின் இரசிகர்கள் பலர், எதிரணியான அரிசோனா கூடுதல் நேரத்தில் அடித்த வெற்றிக் கோலுக்குக் கைதட்டினார்கள். கடைசி இடத்தில் முடித்தால் புதுவீரர் தேர்வில் இளம் திறமையாளர் கானர் மெக்டேவிட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கூடும் என்பதுதான் காரணம். பஃபலோ வீரர்கள் தங்கள் மனவேதனையை வெளிப்படையாகவே சொன்னார்கள். கடைசியில் குலுக்கலில் அந்த வாய்ப்பு எட்மண்டனுக்குப் போயிற்று. அணியைப் பலவீனமாகக் கட்டியது நிர்வாகம். ஆடியவர்கள் தங்கள் பிழைப்புக்காக முழு மூச்சாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் தோல்வியை எதிர்பார்த்தது, நியாயமான எதிர்பார்ப்புகளின் எல்லைக்கு வெளியே போன செயல் என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவரின் பதில்: "நடுவட்டம்"

எல்லோருக்கும் நன்றி. "பழைய தற்காப்பாளர்" சொன்னபடி, அந்த 2-1 ஆட்டத்தின் பதிவை மீண்டும் போட்டு, மூன்றாம் பகுதி முழுவதும் எங்கள் மூன்றாம் வரிசைச் சென்டர் ஒருவரை மட்டும் பின்தொடர்ந்தேன். பக் ஒருசில முறைதான் அவர் மட்டைக்கு வந்தது. ஆனால் நான் எண்ணிய வரை ஆறு முறை, பின்னால் தனியாக வந்த எதிரணி வீரரை எட்டிப் பிடித்து, அவர் மட்டையைத் தூக்கிவிட்டார். அரங்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஆறில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. அந்த ஆட்டம் எனக்கு இன்னும் பிடித்ததாக மாறிவிடவில்லை. "சிவப்புக் கோடு" விளக்கியதுபோல் அது வீரர்களின் குறை அல்ல என்று மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

5-1 ஆட்டத்தையும் பார்த்தேன். அதில் என் கோபம் தணியவில்லை. ஆனால் இருபது பேரையும் சேர்த்துக் கூச்சலிட்டது தவறு என்று தெரிந்தது. திரும்பி ஓடாதவர்கள் மூன்று பேர், அதுவும் ஒரே வரிசை. மற்ற மூன்று வரிசைகளும் கடைசி மணி வரை ஓடியிருக்கின்றன. அந்த மூவர் செய்ததற்காக மற்றவர்களும் சேர்ந்து என் கூச்சலை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். எங்கே உட்கார்ந்தால் இவை நன்றாகத் தெரியும்?

மறுமொழி: எழுதியவர் "பழைய தற்காப்பாளர்"

கண்ணாடிக்கு அருகில் உள்ள இருக்கைகளில் வேகமும் சத்தமும் கிடைக்கும், ஆனால் தளத்தின் மறுமுனை மறைந்துவிடும். கோல் வலைக்குப் பின்னால், மேல் அடுக்கில் உட்காருங்கள். 200 அடி நீளத் தளம் முழுவதும் ஒரே பார்வையில் விரியும். ஐந்து பேருக்கும் இடையே உள்ள இடைவெளி தெரியும். பக் பறிபோன நொடியில் யார் முதலில் திரும்புகிறார் என்பது பளிச்சென்று கண்ணில் படும். முதல் பகுதியில் ஒரே ஒரு வரிசையை மட்டும் பின்தொடருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் எதுவும் நிற்காது. அந்த மூன்றாம் வரிசைச் சென்டரிலிருந்தே தொடங்கலாம். ஏழாவது முறை அவர் மட்டையைத் தூக்கும்போது, சுற்றியிருப்பவர்கள் கைதட்டாவிட்டாலும் நீங்கள் தட்டுங்கள்.